கயோட்டி ஹில்ஸ் பூங்கா: பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் சென்று நிதானமாக நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், முதல் இரண்டு வாரங்கள் கோல்டன் கேட் பாலம், யோசெமிட்டி, கடற்கரைச் சாலை என்று ஓட்டமாகக் கழிந்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவையும், ஒரு மணி நேரமாவது நடந்தே ஆகவேண்டும் என்னும் அப்பாவையும், ஓயாது ஓடும் குழந்தையையும் ஒரே காலைப்பொழுதில் எங்கே அழைத்துச் செல்வது? ஃபிரீமான்ட் நகரின் மேற்கு விளிம்பில், டம்பார்ட்டன் பாலத்துக்கு அருகில் இருக்கும் கயோட்டி ஹில்ஸ் பூங்கா இந்தக் கேள்விக்குப் பொருத்தமான விடை. தரையோடு தரையாகச் செல்லும் பாதைகள், மேலே நின்றால் விரிகுடா முழுவதும் தெரியும் சிறு குன்றுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பின் தடம் ஆகிய மூன்றும் இங்கே சில மைல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பூங்காவைப் பெரும்பாலோர் தவறான வரிசையில் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. வண்டியை நிறுத்தியவுடன் குன்றின் மேல் ஏறி, படம் எடுத்து, இறங்கிப் போய்விடுகிறார்கள். சதுப்புநிலத்தில் தொடங்கி, பழங்குடிக் குடியிருப்பின் கதையைத் தெரிந்துகொண்டு, அதன்பின் குன்றைத் தாண்டி உப்பளப் பக்கம் போனால்தான் இங்கே மனிதர்கள் எதற்காக வந்து தங்கினார்கள் என்பது விளங்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: காலத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

இங்கே மழை ஏறக்குறைய நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் பெய்யும். முதல் மழைக்குப் பின் பழுப்பு நிறக் குன்றுகள் மெல்லப் பசுமையாகி, வசந்தத்தின் தொடக்கத்தில் ஆரஞ்சு நிறக் கலிஃபோர்னியா பாப்பிப் பூக்கள் ஆங்காங்கே மலரும். பசிபிக் கடலோர வான்வழியாக வடக்கிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகள் குளிர்காலம் முழுவதும் இங்கே தங்குவதால், பறவைகளைப் பார்ப்பதற்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. கோடையில் புல் காய்ந்து, சதுப்புநிலத்தின் சில பகுதிகளில் நீர் வற்றிவிடும். குன்றுப் பாதைகளில் நிழல் ஏறக்குறைய இல்லை என்பதால், கோடையில் வருபவர்கள் காலை எட்டு மணிக்குப் பூங்கா திறக்கும்போதே வந்துவிடுவது நல்லது.

எந்தப் பருவமானாலும் பிற்பகலைவிடக் காலையே மேல். மதியத்துக்குப் பின் விரிகுடாவிலிருந்து வீசும் காற்று வலுத்துவிடும். கிளம்பும்போது ஊருக்குள் இதமான வெயிலாக இருந்தாலும், குன்றின் மேற்குப் பக்கத்தில் வயதானவர்கள் குளிரில் நடுங்கும் அளவுக்குக் காற்று இருக்கும். எனவே ஆளுக்கொரு காற்றுத்தடுப்பு மேலங்கியும், பெற்றோருக்குக் காதை மூடும் மஃப்ளரோ குரங்குக் குல்லாவோ எடுத்துக்கொள்ள வேண்டும். குரங்குக் குல்லாவைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டாம் படி: போய்ச் சேர்தல்

880 நெடுஞ்சாலையிலிருந்து வருபவர்கள் 84ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பி, பசியோ பாத்ரே பார்க்வே வெளிவழியில் இறங்கி வடக்கே சென்று, பேட்டர்சன் ரான்ச் சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தச் சாலை நேரே பூங்காவுக்குள் போகிறது. மென்லோ பார்க், பாலோ ஆல்டோ பக்கத்திலிருந்து டம்பார்ட்டன் பாலத்தின் வழியே வருபவர்களுக்கு வரும்போது சுங்கம் கிடையாது. மேற்கு நோக்கித் திரும்பும்போதுதான் கட்டவேண்டும்.

பொதுப் பேருந்து வாசல்வரை வராததால் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ தேவை. நுழைவாயிலில் பணியாளர் இருக்கும் நாள்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவார்கள். கூட்டிச்செல்லும் நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டு. மூடும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும், தகவல் மையம் வாரத்தின் எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன், இந்தப் பூங்காவை நடத்தும் அமைப்பான ஈஸ்ட் பே (விரிகுடாவின் கிழக்குக் கரை) பூங்கா மாவட்டத்தின் இணையதளத்தில் அன்றைய நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்தைப் பற்றி இங்கேயே ஒரு சொல். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்த 1934ஆம் ஆண்டில், தங்கள் வரிப்பணத்தில் பூங்காக்கள் வேண்டும் என்று ஈஸ்ட் பே மக்கள் வாக்களித்து உருவாக்கியது இது. கயோட்டி ஹில்ஸ் 1967இல் அதன் பூங்காக்களில் ஒன்றாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

மூன்றாம் படி: தகவல் மையத்தில் அரை மணி நேரம்

சாலையின் முடிவில், குன்றின் அடிவாரத்தில் தகவல் மையம் இருக்கிறது. கழிப்பறையும் குடிநீரும் இங்கேயே கிடைக்கும். குன்றுக்கு அப்பால் குழாயை எதிர்பார்க்க வேண்டாம் என்பதால், எல்லாரும் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, பெற்றோர் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்த பின்னரே நடையைத் தொடங்குவது அறிவுடைமை. அச்சிட்ட வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பாதைகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் அது உதவும்.

மையத்துக்குள் காட்சிப்பொருள்கள் அதிகம் இல்லை. ஆனாலும் கோரைப் படகின் முன் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சதுப்பில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, கற்றை கற்றையாகக் கட்டி, முனைகளை மேல்நோக்கி வளைத்துச் செய்த படகு அது. கோரைத் தண்டின் உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதால், ஆணியோ பலகையோ இல்லாமலேயே அது ஆளைத் தாங்கி மிதக்கும். இத்தகைய படகுகளில்தான் இங்கு வாழ்ந்த ஓலோனிப் பழங்குடி மக்கள் விரிகுடாவில் மீன் பிடித்தார்கள், வாத்து வேட்டையாடினார்கள். கோரைப் பாயில் படுத்து வளர்ந்த நம் பெற்றோருக்கு இதைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. மையத்தை ஒட்டிய சிறு தோட்டத்தில் பட்டாம்பூச்சிகளுக்காகவே தேன்செடிகளை வளர்த்திருக்கிறார்கள். நடக்க முடியாத ஒருவர் மற்றவர்கள் திரும்பும்வரை காத்திருக்க இதைவிட நல்ல இடம் பூங்காவில் இல்லை.

நான்காம் படி: சதுப்புநிலத்தில் நடை

தகவல் மையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் பெரிய சதுப்புநிலம் தொடங்குகிறது. மரப்பலகைப் பாதை ஒன்று அதற்குள் செல்கிறது. மழைக்காலத்தில் நீர் உயர்ந்தாலோ பழுதுபார்ப்பு நடந்தாலோ பாதையின் சில பகுதிகளை மூடியிருப்பார்கள் என்பதால் மையத்தில் கேட்டுக்கொண்டு போகலாம். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கோரையும் சம்பும் நிற்க, நடுவே நடப்பவருக்குக் குன்றும் நகரமும் மறைந்து வானம் மட்டுமே தெரியும் இடங்கள் உண்டு. இங்கே விரைவாக நடப்பதால் பயனில்லை. ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், முதலில் சம்புக்குள்ளிருந்து சிறு பறவைகளின் கரகரப்பான குரல் கேட்கும். பிறகு தோளில் சிவப்புப் பட்டை கொண்ட கரும்பறவை ஒன்று சம்பின் உச்சியில் வந்து அமர்ந்து, இறகை விரித்துக் கத்தும். திறந்த நீர்ப்பரப்பில் நாமக்கோழிகளும் பலவகை வாத்துகளும் மேயும். கரையோரத்தில் வெண்கொக்கு அசையாமல் நிற்கும். பூனைப்பருந்து கோரையின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்து எலி தேடும்.

தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு இந்தப் பலகைப் பாதையில் நடப்பவர்களை மற்றவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் பறவைகள் போய்விடும். சதுப்புநிலப் பகுதிக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. பறவைகளுக்கோ அணில்களுக்கோ தின்பண்டம் கொடுக்கவும் கூடாது.

ஐந்தாம் படி: பாதையின் பெயர்களைப் பின்பற்றி வரலாற்றுக்குள்

சதுப்பைச் சுற்றியுள்ள பாதைகளில் ஒன்றின் பெயர் டூய்பன், மற்றொன்றின் பெயர் சோச்சென்யோ. டூய்பன் என்பது இந்தக் கரையில் வாழ்ந்த ஓலோனிக் குழுவின் பெயர். சோச்சென்யோ அவர்கள் பேசிய மொழி. பூங்காவுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிப்பிமேடுகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக மக்கள் தின்று கழித்த மட்டி, சிப்பி ஓடுகளும் விலங்கெலும்பும் அடுப்புச் சாம்பலும் சேர்ந்து உயர்ந்த மேடுகள் அவை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1930களிலிருந்து இவற்றை அகழ்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இவை வெறும் குப்பைமேடுகள் அல்ல. ஓலோனி மக்கள் தம் முன்னோரை இவற்றில்தான் புதைத்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இவை இன்றும் இடுகாடுகள். அதனால்தான் குடியிருப்பு இருந்த இடம் வேலியிடப்பட்டு, இயற்கை வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் நிகழ்ச்சிகளின்போது மட்டும் திறக்கப்படுகிறது. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதோ, வழியில் கிடக்கும் ஓட்டுத்துண்டை நினைவுப்பொருளாக எடுப்பதோ முறையல்ல.

அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றுக்கு முன்பதிவு செய்து, உங்கள் வருகையையே அந்த நாளுக்கு அமைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். பூங்காவின் மற்ற எல்லாவற்றையும் எந்த நாளிலும் பார்க்கலாம், இதை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. உள்ளே பழைய முறைப்படி கட்டிய கோரை வீடு, நிழற்பந்தல், பாதி நிலத்துக்குள் இறங்கிய வியர்வைக் குடில் ஆகியவை உள்ளன. ஓக் கொட்டையை உணவாக்கிய விதத்தை வழிகாட்டிகள் விளக்குவார்கள். கொட்டையை இடித்து மாவாக்கி, துவர்ப்பு நீங்கும்வரை திரும்பத் திரும்ப நீர் ஊற்றி அலசி, நீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னிய கூடையில் மாவையும் நீரையும் கரைத்து, நெருப்பில் சுட்ட கற்களை அதற்குள் போட்டுக் கிளறிக் கஞ்சி காய்ச்சினார்கள். மண்பானை இல்லாமல் கூடையிலேயே கஞ்சி கொதித்தது என்பதைக் கேட்டுச் சமையலறையில் வாழ்நாளைக் கழித்த அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் குழந்தைகளின் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

இந்த வாழ்க்கை எப்படிக் குலைந்தது என்பதையும் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது. 1797இல் ஸ்பானியப் பாதிரிமார்கள் இன்றைய ஃபிரீமான்ட்டின் கிழக்குப் பகுதியில் மிஷன் சான் ஹோசே என்ற மதப்பணி நிலையத்தை நிறுவினார்கள். சுற்றுவட்டாரத்து ஓலோனி மக்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, வயலிலும் தொழுவத்திலும் உழைத்தார்கள். அவர்களுக்கு எதிர்ப்புச்சக்தி இல்லாத ஐரோப்பிய நோய்கள் பெருந்தொகையினரைக் கொன்றன. கரையோரக் குடியிருப்புகள் வெறுமையாகின. சோச்சென்யோ மொழியைப் பேசத் தெரிந்த கடைசித் தலைமுறையினர் சிலரிடமிருந்து, ஜான் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் 1920களில் குறிப்புகள் எடுத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டுதான் வழித்தோன்றல்கள் இன்று மொழியை மீண்டும் கற்கிறார்கள். ஓலோனி மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் இதே வட்டாரத்தில் வாழ்கிறார்கள், கயோட்டி ஹில்ஸிலேயே கூடி விழா எடுக்கிறார்கள்.

ஆறாம் படி: குன்றைச் சுற்றும் பேவியூ பாதை

இப்போது குன்றுக்குப் போகலாம். பூங்காவின் முதன்மை நடைபாதையான பேவியூ பாதை, குன்றுத்தொடரை முழுவதும் சுற்றிவரும் சுமார் மூன்றரை மைல் நீளமுள்ள தார்ப்பாதை. சதுப்பை ஒட்டிய கிழக்குப் பகுதி சமதளமாக இருக்கும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அங்கே சிரமமின்றிப் போகும். மேற்குப் பகுதியில் ஏற்ற இறக்கங்கள் உள்ளன. முந்நூறு அடியைத் தாண்டாத குன்றுகள்தான் என்றாலும், முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே துன்பம் தரும்.

ஆகவே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே என் யோசனை. மெதுவாக நடப்பவர்கள் தகவல் மையத்திலிருந்து வடக்கே சதுப்போரமாக லிசார்ட் ராக் பாறைவரை போய், அதே வழியில் திரும்பலாம். ஏற்றமே இல்லாத நடை அது. நடக்க விரும்புபவர்கள் அங்கிருந்து தொடர்ந்து, குன்றின் வடமுனையைச் சுற்றி மேற்குப் பக்கம் திரும்பி முழுச் சுற்றையும் முடிக்கலாம். சதுப்பின் அமைதிக்குப் பிறகு, ஒரு வளைவு திரும்பியதும் விரிகுடா மொத்தமும் காற்றோடு எதிரே வந்து நிற்பது இந்தத் திசையில் நடப்பவர்களுக்குக் கிடைக்கும் பேறு. பாதி வழியில் களைத்தவர்கள் நைக்கி பாதை வழியாகக் குன்றின் குறுக்கே ஏறி இறங்கித் தகவல் மையத்தை அடையலாம். பாதையின் இடப்பக்கம் விரைவாகக் கடந்து போகும் மிதிவண்டிக்காரர்கள் பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் பதறி இடப்பக்கமே நகராமல், வலப்பக்க ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் முன்னதாகச் சொல்லிவையுங்கள். ஊரில் இடப்பக்கமாக நடந்து பழகியவர்கள் அவர்கள்.

ரெட் ஹில் குன்றுக்குப் போகும் மண்பாதையில் ஏற முடிந்தவர்கள், உச்சியிலுள்ள செந்நிறப் பாறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விரல் பருமனுள்ள அடுக்குகள் நெளிந்தும் மடிந்தும் கிடக்கும். ஆழ்கடலின் அடியில், ரேடியோலேரியா எனப்படும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து படிந்து இறுகிய செர்ட் பாறை இது. டைனோசர் காலத்துக் கடல்தரை, நிலத்தட்டுகளின் நகர்வில் கண்டத்தின் விளிம்போடு ஒட்டி, குன்றாக நிற்கிறது.

நைக்கி பாதைக்கு அந்தப் பெயர் காலணியால் வந்ததல்ல. சோவியத் குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சி, 1950களில் அமெரிக்க இராணுவம் விரிகுடாவைச் சுற்றி அமைத்த நைக்கி ஏவுகணைத் தளங்களுள் ஒன்று இந்தக் குன்றுகளில் இருந்தது. 1960களில் அது மூடப்பட்ட பின், துருவப் பயணி ரிச்சர்ட் பைர்டின் இரண்டாம் அண்டார்க்டிகா பயணத்தில் அறிவியல் பொறுப்பு வகித்த தாமஸ் போல்டர், கடற்சிங்கங்கள் ஒலியின் எதிரொலியைக் கொண்டு வழி அறிகின்றனவா என்று இங்கே ஆய்வுக்கூடம் வைத்து ஆராய்ந்தார். ஏவுகணைத் தளத்தைப் பார்க்கலாம் என்ற ஆவலோடு வருபவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் அதிகமில்லை. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினால் போதும்.

ஏழாம் படி: உப்பளப் பக்கம்

மேற்குச் சரிவிலிருந்து கீழே பார்த்தால் வரப்புகளால் பிரிக்கப்பட்ட பெரும்பெரும் நீர்ப்பாத்திகள் தெரியும். தூத்துக்குடிக்காரர்களுக்கும் வேதாரண்யத்துக்காரர்களுக்கும் அவை உப்பளங்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஓலோனி மக்கள் இயற்கையாக விளைந்த உப்பை இந்தக் கரையில் சேகரித்தார்கள். 1850களில் வணிக உற்பத்தி தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் தென்விரிகுடாவின் சதுப்புகளில் பெரும்பகுதி உப்பளமாக மாறியது. 2003இல் உப்பு நிறுவனமான கார்கிலிடமிருந்து சுமார் 15,000 ஏக்கர் உப்பளங்களை மத்திய, மாநில அரசுகள் பெற்று, அவற்றை மீண்டும் சதுப்பாக்கும் பணியைத் தொடங்கின. கடல்நீரை மறுபடி உள்ளே விட்ட இடங்களில் வண்டல் படிந்து செடிகள் முளைக்கின்றன. உப்பு மிகுந்த பாத்திகள் சில, உப்பில் வாழும் நுண்ணுயிர்களாலும் பாசியாலும் செம்மையாகத் தெரியும். நெடுங்கால் உள்ளான்களும் கோணமூக்கு உள்ளான்களும் ஆழமற்ற நீரில் இரை தேடும். வெண்ணிறக் கூழைக்கடாக்கள் கூட்டமாக வட்டமிடுவதைக் குளிர்காலத்தில் காணலாம்.

தெற்கே டம்பார்ட்டன் பாலம் தெரியும். 1927இல் அங்கே திறக்கப்பட்ட பாலமே இந்த விரிகுடாவின் குறுக்கே வாகனங்கள் சென்ற முதல் பாலம். இன்று நாம் காண்பது 1982இல் திறந்த அடுத்த பாலம். இன்னும் நடக்கத் தெம்பிருப்பவர்கள் தெற்கே செல்லும் அப்பாய் வே பாதையில் போனால், அடுத்துள்ள டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்குச் சரணாலயத்தை நடந்தே அடையலாம்.

எட்டாம் படி: எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

ஆபத்தான பூங்கா அல்ல இது. ஆனாலும் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகக்கூடாது. மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஓக் செடி உடலில் பட்டால் பல நாள் நீடிக்கும் அரிப்பும் கொப்புளமும் வரும். குளிர்காலத்தில் இலையுதிர்ந்த வெறும் குச்சியைத் தொட்டாலும் அதே விளைவுதான். பட்டுவிட்டது என்று தோன்றினால் தாமதிக்காமல் சோப்பால் நன்றாகக் கழுவவேண்டும். வெயில் காலத்தில் கிலுகிலுப்பை விரியன் பாதையோரம் படுத்திருக்கலாம். ஒலி கேட்டால் நின்று, பின்வாங்கி, அதற்கு வழிவிட்டால் போதுமானது. உயர்ந்த புல்லில் உண்ணிகள் இருக்கும். அம்மாக்கள் சேலையில் வருவதென்றால் தார்ப்பாதையோடு நிற்கட்டும், மண்பாதைக்கு முழுக்கால் உடையும் ஷூவும்தான் சரி. பூங்காவுக்குப் பெயர் தந்த கயோட்டி, நரியைவிடச் சற்றுப் பெரிய நாயினத்து விலங்கு. அதிகாலையில் தூரத்தில் கண்ணில் பட்டால் நின்று பார்க்கலாம், நெருங்க வேண்டாம். சிறு குழந்தைகளை அந்நேரம் கைப்பிடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: சாப்பாடும் மீதி நாளும்

பூங்காவுக்குள் உணவகம் இல்லை. தகவல் மையத்தின் அருகே மேசைகள் போட்ட உணவிடங்கள் உள்ளன. காற்று வலுக்குமுன் பதினோரு மணிக்கே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பிரித்தால் காகிதத் தட்டுகள் பறக்கும். அணில்கள் பையைத் திறக்கும் அளவுக்குப் பழகியவை என்பதால் மேசையை ஆளின்றி விடாதீர்கள்.

பிற்பகலும் மிச்சமிருந்தால், சில நிமிட வண்டித்தொலைவில் இருக்கும் ஆர்டன்வுட் பண்ணைக்குப் போகலாம். 1849இல் தங்கம் தேடி வந்து, பின்பு வேளாண்மைக்கு மாறிய ஜார்ஜ் பேட்டர்சனின் பண்ணை அது. நீங்கள் காலையில் வந்த சாலைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அங்குள்ள யூகலிப்டஸ் தோப்பில் குளிர்காலத்தில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் தங்குவதுண்டு. எண்ணிக்கை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறும் என்பதால் பட்டாம்பூச்சிகளை மட்டும் நம்பிப் போகவேண்டாம். பண்ணை விலங்குகளும் பழைய மாளிகையும் குழந்தைகளுக்குப் போதும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

கயோட்டி ஹில்ஸிலிருந்து கிளம்புமுன், வண்டிக்கு அருகிலேயே நின்று எல்லாரும் கால்சட்டையின் கீழ்ப்பகுதியையும் சாக்ஸையும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மாலையில் தங்குபவர்கள் மூடும் நேரத்தை நுழைவாயிலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அந்நேரத்துக்குப் பின் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள், குன்றின் மேற்குப் பக்கத்திலிருந்து வண்டிக்குத் திரும்ப மெதுவாக நடப்பவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.